தாராவி டூர் எங்கள் வாசலில் நின்றபோது

38 விநாடி ஓடுகிற ஒரு வீடியோ எங்களுக்கு 40,200 ரூபாயையும் ஒரு மாதத் தூக்கத்தையும் காலி செய்தது. 2023 டிசம்பர் நடுவில் தாராவியைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர் எங்கள் வாசலில் நின்று எடுத்தது அது. எடுத்தவர் வெள்ளைக்காரர் இல்லை, மும்பைக்காரர்தான். சாயங்காலம் நாலே முக்கால் இருக்கும். உள்ளே அத்தை அரைத்த மாவில் உப்புப் போட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். கிரைண்டரிலிருந்து இரண்டடி தள்ளி மோரி, குளிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் இருக்கிற தண்ணீர் மூலை. பத்தடிக்குப் பன்னிரண்டடி கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், மோரியை வேறு எங்கே வைப்பது? வீடியோவுக்கு மேலே இந்தியில் 'நீங்க சாப்பிடுற இட்லி இங்கதான் பிறக்குது' என்று எழுதி, பக்கத்தில் மூக்கைப் பிடிக்கிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தார். ஆட்கள் பார்க்க வருகிற இடத்தில் குடியிருந்து வீட்டிலேயே தொழிலும் செய்கிறவர்களுக்கு இது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். எங்களுக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. அதனால் வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

வீடியோவில் வராத பகுதியை முதலில் சொல்ல வேண்டும். தினமும் 20 கிலோ உக்டா (புழுங்கல்) அரிசி, 5 கிலோ உளுந்து. காலை 11 மணிக்கு ஊறப்போட்டு, 4 மணிக்கு உளுந்தை ஐஸ் தண்ணீர் விட்டு முதலில் ஆட்டி, பிறகு அரிசி. கையால் கலக்குவது அழுக்குப் புத்தியால் இல்லை. கரண்டியால் கலக்கினால் உளுந்து மாவில் அடைத்திருக்கிற காற்று போய்விடும், டிசம்பர் குளிரில் மாவு பொங்காது என்பது அத்தையின் அனுபவம். மே மாதம் 6 மணி நேரத்தில் பொங்குகிற மாவுக்கு டிசம்பரில் 10 மணி நேரம் வேண்டும். ராத்திரி இரண்டரைக்கு அடுப்புப் பற்றவைத்தால், ஈடு ஒன்றுக்கு 11 நிமிஷம் ஆவியில் வெந்து, 5 மணிக்கு 1,150 இட்லி தயார். மூன்று சைக்கிள் அண்ணன்மார் ஆளுக்கு 300 எடுத்துக்கொண்டு பாம் பாம் என்று ஹார்ன் அடித்தபடி போவார்கள். மிச்சம் 250 மாட்டுங்கா பக்கத்தில் ஒரு ஆபீஸ் கேன்டீனுக்கு. அந்த 11 நிமிஷ ஆவியை எடுத்திருந்தால் அந்த வீடியோவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீடியோ பரவியதும் முதலில் நின்றது கேன்டீன். 'இப்போதைக்கு வேண்டாம்மா' என்று ஒரு வரி. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நம்பி அந்த இரண்டு நாளும் அவர்கள் பங்குக்கும் மாவு ஆட்டினோம். அது புளித்து, அக்கம்பக்கத்துக்குத் தோசைக்குக் கொடுத்தது போக மோரியில் போனது, 700 ரூபாய். கணக்கு இதுதான்: கேன்டீனுக்கு இட்லி 5 ரூபாய் வீதம் நாளுக்கு 1,250, 26 வேலை நாளுக்கு 32,500. ஒரு சைக்கிள் அண்ணன் 12 நாள் பாதி இட்லிதான் எடுத்தார், மூன்றரை ரூபாய் வீதம் 6,300. அலைச்சல், ஜெராக்ஸ், ஆட்டோ 700. இது விற்பனைக் கணக்கு, கையில் நிற்பது இதில் பாதிக்கும் கீழேதான். அதைச் சொல்லாமல் பெரிய தொகையை மட்டும் சொன்னால் நானும் அந்த வீடியோக்காரர் மாதிரி ஆகிவிடுவேன்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது: 'அப்போ டூர்க்காரங்க வரதே உங்களுக்குப் பிடிக்கலையா?' நேராகப் பதில் சொல்ல முடியாது. தாராவிக்குள் டூர் நடப்பது 2009-ல் எட்டு ஆஸ்கர் வாங்கின 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கும் முந்தியது. ஒழுங்காக நடத்துகிறவர்கள் ஆரம்பத்திலிருந்தே உள்ளே கேமரா கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ரியாலிட்டி டூர்ஸ் மாதிரி. படம் வந்தபின் கூட்டம் பெருகியது, ஸ்டேஷன் வாசலில் நின்று ஆள் பிடிக்கிற கைடுகளும் பெருகினார்கள். எல்லார் மேலும் எங்களுக்கு ஒரே மாதிரி எண்ணம் இல்லை. கும்பார்வாடாவில் அகல்விளக்கு விற்கிற குஜராத்திக் குயவருக்குக் கூட்டம் வந்தால் சந்தோஷம், மெயின் ரோட்டில் தோல் பை விற்கிறவருக்கும்தான். 13 கம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கிற பையன்களுக்கு ஒன்றும் இல்லை, அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கவிழ்த்த மூங்கில் கூடைமேல் அப்பளம் காயவைக்கிற பெண்களுக்குத்தான் எரிச்சல் அதிகம். அவர்களுக்குக் கூலி கிலோக் கணக்கில், நின்று பேசினால் கை நிற்கும். எங்களைப் போல மூன்றடிக் கல்லிக்குள் (சந்துக்குள்) இருக்கிறவர்களுக்குக் கிடைப்பது எட்டிப்பார்க்கிற தலை மட்டும். நைட்டியோடு மோரியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கும்போது வாசல் வெளிச்சம் சட்டென்று மறையும். யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். எங்களைக் கேவலமாக நினைத்துப் பார்க்கிறார்கள் என்று எப்போதும் சொல்லமாட்டேன், பல பேர் கூச்சத்தோடு தலையைக் குனிந்துதான் கடப்பார்கள். ஆனால் அந்தக் கூச்சத்தைப் பார்ப்பதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். இதற்கு நேர் எதிராகப் பொங்கல் அன்று 90 அடி ரோட்டில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கும்போது கேமரா வந்தால் நாங்களே சேலையைச் சரிசெய்துகொண்டு நிற்போம். அது எங்கள் வாசல் இல்லை, எங்கள் ரோடு. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சரி, வீடியோவுக்கு வருவோம். நான் செய்த முதல் தப்பு, பார்த்த உடனே கீழே கோபமாகக் கமென்ட் போட்டது. அவர் தலைப்பை மாற்றினார், மூக்குப் பிடிக்கிற பொம்மையை எடுத்தார், என் கமென்டையும் நீக்கினார். பிறகு யாரிடம் காட்டினாலும், 'இதுல தப்பா ஒண்ணும் எழுதலையேம்மா' என்றார்கள். கமென்ட், புகார், போன் எதற்கும் முன்னால் ஆதாரம் எடுத்துவிட வேண்டும். வீடியோவின் லிங்க், போட்டவரின் பக்கத்துக்கான லிங்க் (பெயர் மட்டும் போதாது, பெயரை மாற்றிவிடலாம்), முழு வீடியோவையும் தலைப்போடு சேர்த்து ஸ்கிரீன் ரெக்கார்டிங், தேதியும் நேரமும் பார்வை எண்ணிக்கையும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட். ஆர்டரை நிறுத்துகிறவர் போனில் சொன்னால் 'சரி சார், ஒரு மெசேஜ் மட்டும் போட்டுடுங்க' என்று கேட்டு வாங்கிவிட வேண்டும். நஷ்டத்துக்கு வேறு ஆதாரம் கிடையாது.

இரண்டாவது தப்பில் 5 நாள் போனது. வீடியோவுக்குக் கீழே இருக்கிற 'ரிப்போர்ட்' பட்டனை நான் மட்டுமல்ல, கல்லியில் 40 பேர் அழுத்தினோம். அது ஆபாசம், வன்முறை, மோசடி மாதிரி விஷயங்களுக்கான வழி. எத்தனை பேர் அழுத்தினாலும் எங்கள் பிரச்சினை அதில் அடங்காது. யூடியூப் போன்ற தளங்களில் தனியுரிமைப் புகாருக்குத் தனிப் படிவம் இருக்கிறது. படத்தில் இருக்கிறவரே அதைக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தால் தள்ளிவிடுவார்கள். சிறு பிள்ளைகள், கம்ப்யூட்டர் வசதி இல்லாதவர்கள் போன்றவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஆகவே அத்தை பெயரிலேயே மெயில் திறந்து, அத்தையை உட்காரவைத்துத்தான் நிரப்பினோம். வீடியோவில் எத்தனையாவது விநாடியிலிருந்து எத்தனையாவது விநாடி வரை முகம் தெரிகிறது, என்ன நிறச் சேலை, குரல் கேட்கிறதா என்று சரியாகக் குறிப்பிட வேண்டும். 'எங்க மானமே போச்சு' என்று நான் முதலில் எழுதிய அரைப் பக்கத்தால் பயன் இல்லை. அங்கே கேட்கிற ஒரே கேள்வி, இந்த ஆளை அடையாளம் தெரிகிறதா என்பதுதான். '12-வது விநாடி முதல் 19-வது வரை, நீலச் சேலை, தரையில் உட்கார்ந்திருப்பவர், முகம் முழுதாகத் தெரிகிறது, இது வீட்டின் உட்புறம், அனுமதி கேட்கவில்லை' என்று இரண்டாம் முறை எழுதினோம். இப்படிப் புகார் போனதும் போட்டவருக்குத் தானாகவே மாற்றிக்கொள்ள 48 மணி நேரம் வரை அவகாசம் கொடுப்பது உண்டு, அதற்குப் பிறகுதான் தளத்தில் பார்ப்பார்கள். போட்டவர் முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டாலும் புகார் தீர்ந்ததாகிவிடும். வீடும் மோரியும் தெரிந்துகொண்டே இருக்கும், இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 11-ம் நாள் வீடியோவே போனது. அதற்குள் அதை எடுத்து வேறு மூன்று பக்கங்களில் போட்டிருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புகார். வாட்ஸ்அப்பில் போனதை ஒன்றும் செய்ய முடியாது, அதைத் துரத்தி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தளம் பதிலே சொல்லவில்லை என்றால் அதன் இந்தியக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம், பெயரும் மெயிலும் அந்தத் தளத்திலேயே இருக்கும். 2021-ல் வந்த விதிப்படி 24 மணி நேரத்தில் ஒப்புகை, அப்போது 15 நாளில் முடிவு; 2026 பிப்ரவரியிலிருந்து அது 7 நாள். அந்த முடிவு திருப்தியில்லை என்றால் 2023-ல் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே போகலாம், பணம் கட்ட வேண்டாம். அலுவலருக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் எடுக்கமாட்டார்கள், அதனால் ஒப்புகை மெயிலை அழித்துவிடாதீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் எங்களுக்கு ஒரு முழு நாள் போனது. என்.சி. எழுதி, அதாவது விசாரணை எடுக்காமல் புகாரை மட்டும் பதிந்து, கையில் கொடுத்து அனுப்பினார்கள். அன்று வந்த ஆத்திரம் இப்போது இல்லை, காரணம் பிறகுதான் புரிந்தது. அவதூறு என்பது கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதற்கு. ஒரு பெண் குளிப்பதையோ உடை மாற்றுவதையோ எடுத்தால் அப்போது இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 354சி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு. மாவு கலக்குகிற அம்மா இது எதிலும் வரமாட்டார். ஆனால் வாசல் திறந்திருக்கும்போது உள்ளே மோரியில் குளிக்கிற பெண் படத்தில் விழுந்திருந்தால் விஷயமே வேறு. அங்கே என்.சி.யோடு திரும்பாமல் எஃப்.ஐ.ஆர். கேட்டு நில்லுங்கள். 1930-க்குப் போன் போட்டு ஒரு மத்தியானம் போனது, அது பணமோசடிக்கான எண். இருந்தாலும் அந்த என்.சி. தாள் வீண் இல்லை. கேன்டீன்காரரிடம் காட்டினபோது, 'ஸ்டேஷன் வரை போயிருக்காங்க, அப்போ மறைக்க ஒண்ணும் இல்லை' என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

வியாபாரத்தைத் திருப்பிப் பிடிக்க வாய்ப்பேச்சு உதவாது. 'நாங்க சுத்தமாத்தான் செய்றோம்' என்று போனில் சொல்லச் சொல்ல எதிராளிக்குச் சந்தேகம்தான் கூடும். காகிதம்தான் உதவியது. சிறு உணவுத் தொழிலுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எங்களிடம் இருந்தது, அப்போது வருஷத்துக்கு 100 ரூபாய்தான், ஆனால் சர்டிஃபிகேட் அரிசி டின்னுக்குள் கிடந்தது. 14 இலக்க எண்ணைப் பெரிதாக எழுதி வாசலிலும், சைக்கிள் டப்பா ஒவ்வொன்றிலும் ஒட்டினோம். பதிவு வாங்காமல் வீட்டில் சமைத்து விற்கிறவர்கள் இன்றைக்கே வாங்கிவிடுங்கள். வீடியோ வந்தபின் வாங்கினால் தேதி காட்டிக்கொடுக்கும். மோரிக்கும் கிரைண்டருக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு அலுமினியத் தகடு ஒன்று அடித்தோம், கூலியோடு 1,400. இது நஷ்டக் கணக்கில் இல்லை, முன்னாலேயே செய்திருக்க வேண்டியது. வீடியோக்காரர் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் நியாயம் என்று அத்தையே ஒப்புக்கொண்டார்கள்.

கல்லியை ஒழுங்குபடுத்தினது தனிக் கதை. முதலில் 600 ரூபாய்க்கு ஒரு போர்டு எழுதி வைத்தோம், இந்தியிலும் ஆங்கிலத்திலும், 'இங்கே போட்டோ எடுக்கக் கூடாது' என்று. வந்தவர்கள் அந்தப் போர்டைப் போட்டோ எடுத்தார்கள். கூடவே பின்னாடி எங்கள் வீடும் விழுந்தது. போர்டைக் கழற்றி, கல்லிக்குள் நுழைகிற திருப்பத்துக்கு வெளியே, எங்கள் வாசல் தெரியாத சுவரில் குறுக்குக்கோடு போட்ட கேமரா படத்தை மட்டும் பெயின்டில் வரைந்தோம். அதற்குப் பிறகுதான் குறைந்தது. திரையும் போட்டுப் பார்த்தோம். வாசல் முழுக்கத் தொங்கவிட்டால் உள்ளே வேகவைக்கிற ஆவி வெளியே போகாமல் மூச்சு முட்டுகிறது, மாவும் அதிகமாகப் புளிக்கிறது. தரையிலிருந்து நாலடி வரை மட்டும் மறைக்கிற பாதித் திரை சரியாக வந்தது. உட்கார்ந்து வேலை செய்கிறவர் மறைவார், ஆவி மேலே போய்விடும்.

போர்டைவிடப் பலன் தந்தது கைடுகளோடு பேசினதுதான். எங்கள் கல்லி வழியாக வழக்கமாக வருகிறவர்கள் நாலே பேர். மூன்று பேர் தாராவிப் பையன்கள், அதில் ஒருவன் எங்கள் மாமாவின் சிநேகிதர் மகன். இவர்களைத் திட்டி அனுப்பினால் தெரியாத ஆள் வருவான், அவனிடம் பேச முடியாது. அதனால் டீ வாங்கிக் கொடுத்துப் பேசினோம். காலை 9 மணிக்கு முன்னால் வேண்டாம், அது தண்ணீர் பிடிக்கிற நேரம், மூன்றடிக் கல்லியில் வரிசையாகக் குடம் நிற்கும்போது ஆறு பேர் வந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள். மத்தியானம் 1-லிருந்து 3 வரை வேண்டாம், ராத்திரி இரண்டரைக்கு எழுந்தவர்கள் தூங்குகிற நேரம். ஒரு நடைக்கு ஆறு பேருக்கு மேல் இல்லை. திருப்பத்துக்கு முன்னாலேயே போன் பைக்குள் போய்விட வேண்டும், கைடு சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கல்லிக்குள் நின்று விளக்கம் சொல்லக் கூடாது, நடந்துகொண்டே போகணும், பேசுவதை வெளியே அகலமான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குச் சாக்லேட், காசு கொடுக்கக் கூடாது. கொடுத்துப் பழகினால் பள்ளிக்கூடம் விட்ட உடனே இதுகள் திருப்பத்தில் போய் நிற்கும். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை, வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஆரம்பித்தோம். விதி மீறினால் அந்தக் குரூப்பிலேயே கைடின் பெயரைச் சொல்லுவோம், வேறு தண்டனை இல்லை. அவர்கள் ஊருக்குள் தலைகாட்ட வேண்டியவர்கள், அது போதும்.

2024 மார்ச்சில் தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுகிற மறுசீரமைப்புக்கு வீடுவீடாகச் சர்வே தொடங்கினதிலிருந்து இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. போனைத் தூக்கிப் பிடிக்கிற யாரைப் பார்த்தாலும் சர்வே ஆளோ என்று சிலர் பதறுகிறார்கள், யார் 2000-க்கு முந்தின குடி, யார் பிந்தின குடி என்பதில் தாராவிக்குள்ளேயே இலவச வீடு கிடைப்பதும் போவதும் இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் 'எத்தனை வருஷமா இருக்கீங்க, வாடகை எவ்வளவு' என்று வெள்ளந்தியாகக் கேட்டாலும் அந்தக் கேள்விக்கு இங்கே வேறு அர்த்தம். கேட்காமலிருப்பது நல்லது. மும்பைக்கு வருகிற நம்ம ஊர்க்காரர்கள் தாராவி பார்க்க வேண்டும் என்றால் கைடே தேவையில்லை. மாஹிமிலோ சயானிலோ இறங்கி, காலை 11 மணிக்கு மேல் 90 அடி ரோட்டில் நடந்து, எங்கேயாவது உட்கார்ந்து சாப்பிட்டு, தமிழில் நாலு வார்த்தை பேசினால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

கேன்டீன் திரும்பி வந்தது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். காண்ட்ராக்டர் பாலக்காட்டுத் தமிழர். பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் அவரை, 'ராத்திரி மூணு மணிக்கு வந்து நீங்களே பாருங்க சார்' என்று கூப்பிட்டோம். பிறகுதான் உறைத்தது, நாங்களே ஒரு டூர் நடத்துகிறோம் என்று. வந்தார், திருப்பத்தில் செருப்பைக் கழற்றப் போனவரை மாமா தடுத்தார், கல்லி ஈரம். உள்ளே அரை மணி நேரம் நின்றார். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார், தகட்டைத் தட்டிப் பார்த்தார், தண்ணீர் எங்கே பிடிக்கிறோம் என்று கேட்டார். எல்லாம் முடிந்து தயங்கித் தயங்கி, 'அம்மா, ஆபீஸ்ல காட்டணும், ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?' என்றார். அத்தை என்னைப் பார்த்தார்கள், பிறகு அடுப்பைப் பார்த்தார்கள்.

'இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, சார். மூடியைத் தொறக்கும்போது எடுங்க.'